நான்காம் பக்கத்து ஓய்வு

"நான் எப்பம்மா ரிட்டயர் ஆனேன்?"

தத்துவப் பேராசிரியர் கோபமாகக் கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் புதிதாக ஒரு சந்தேகம் முளைத்ததுபோல் கேட்டார். கையில் கல்லூரிச் செய்திமடல். அதன் நான்காம் பக்கத்தில், 'சாதனைகளும் செய்திகளும்' என்ற தலைப்பின் கீழ், அவர் இந்த மாதத்தோடு பணி ஓய்வு பெறுவதாக அச்சாகியிருந்தது.

செய்திமடலைத் தயாரிப்பவளைக் கல்லூரியில் எல்லோரும் 'மடல் மேடம்' என்றுதான் அழைப்பார்கள். மடல் மேடம் மேசை இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடினாள். அச்சுக்கு அனுப்பிய அன்று முப்பது போன். யார் பேசினார்கள் என்றுகூடக் கேட்காமல், காதில் விழுந்ததை எல்லாம் துண்டுச் சீட்டுகளில் கிறுக்கியிருந்தாள். அவருடைய சீட்டும் கிடைத்தது: 'தத்துவம் சார், இம்மாதம் ஓய்வு.' அவள் கையெழுத்தேதான்.

சட்டென்று பொறி தட்டியது.

"சார், 'ஆய்வு'ன்னு சொல்லியிருப்பாங்க. என் காதுல 'ஓய்வு'ன்னு விழுந்திருக்கு. ஒரே ஒரு எழுத்துதான். இப்பவே திருத்திடறேன்."

"பாத்துச் செய்ம்மா" என்று அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சல் பறந்தது. 'ஓய்வு என்பதை ஆய்வு என்று திருத்தி வாசிக்கவும். பேராசிரியரின் ஆய்வு இம்மாதம் நிறைவு பெறுகிறது.'

மதியம் பேராசிரியர் திரும்பி வந்தார். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நான் முதல் அத்தியாயத்துலதாம்மா இருக்கேன். நீ எப்படி அதை முடிச்சே?"

அவள் வாய் திறப்பதற்குள் முதல்வர் உள்ளே வந்து, பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆய்வு முடிஞ்சதா மெயில் பார்த்தேன் சார். வெள்ளிக்கிழமை புத்தக வெளியீடு. அரங்கம் சொல்லியாச்சு. பழைய மாணவர்கள் நூறு பேர் வர்றாங்க."

வந்த வேகத்தில் போயும் விட்டார். மடல் மேடம் பின்னாலேயே ஓடி, புத்தகம் என்று ஒன்றே இல்லை என்பதைப் பூசி மெழுகிச் சொல்லிமுடித்தாள்.

முதல்வர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அழைப்பு போயிடுச்சேம்மா. மடல்ல முதல்ல என்ன போட்டிருந்தே?"

"ஓய்வுன்னு, சார்."

"அப்ப அதையே வெச்சுக்குவோம். அத்தனை பேரை வரச் சொல்லிட்டு வெறுமனே அனுப்ப முடியுமா? வெள்ளிக்கிழமை யாராவது ரிட்டயர் ஆகியே தீரணும்."

அந்தக் கல்லூரியில் ஓய்வு வயது என்று எதுவும் கிடையாது. பேராசிரியர்கள் தாமாகப் போனால்தான் உண்டு. மறுநாளே இளைய விரிவுரையாளர் ஒருவர் தன் பூந்தொட்டியைப் பேராசிரியரின் அறை ஜன்னலில் கொண்டுவந்து வைத்தார். "சும்மா, வெயிலுக்குத்தான் சார்" என்றார். பேராசிரியர் தொட்டியைப் பார்த்தார், வாசலில் நின்ற மடல் மேடத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளை வதைத்தது.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்தது. ஓய்வு என்று ஒன்று உண்மையில் உண்டா என்பதைப் பேராசிரியர் நாற்பது நிமிடம் அலசி, உண்டுதான் போலிருக்கிறது என்று முடித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

கடைசி வரிசையில் மடல் மேடம் மட்டும் எழவில்லை. ஒரு நல்ல மனிதரை ஒற்றை எழுத்தால் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டோமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தாமதமாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரின் மனைவி, கைக்குட்டையை நீட்டினார்.

"உன் காதுல ஒரு கோளாறும் இல்லம்மா. போன்ல ஓய்வுன்னு சொன்னது நான்தான். நேர்ல சொன்னா விவாதம் பண்ணுவார்; அச்சுல வந்தா நம்பிடுவார்."