சுருக்கு கிராணி ஆள் சேர்த்த கதை

மலாயாவிலேயே நேரத்தை மிச்சம் பிடிப்பதற்கென்று பிறந்தவர் எங்கள் சுருக்கு கிராணிதான். நாம் கும்பிட்டால், "ரெண்டு கை எதுக்கு? ஒண்டு காணும்" என்பார்.

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் சர்க்கார் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அங்கே தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா. நான் மரம் அளப்பவன். வெள்ளைக்காரர்கள் ஓடி, ஜப்பான்காரர்கள் வந்ததும், நிலையத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மனிதர் பூரித்துப் போனார்.

மண் பிரிவையும் பூச்சிப் பிரிவையும் ஒன்றாக்கினார். "பூச்சி மண்ணுக்குள்ளதானே கிடக்கு?" இரட்டைக் கதவில் ஒன்றைப் பலகை அடித்து மூடினார், மறுநாளே மேசையோடு வந்து அவரே அதில் சிக்கிக்கொண்டார். நான் அளக்க, என் கூட்டாளி காளியப்பன் எழுதுவான். அதையும் மாற்றி, பென்சிலை என் கழுத்திலேயே கட்டிவிட்டார்.

பார்வையிட வந்த ஜப்பானிய அதிகாரியிடம், "மூண்டு பேர் செய்த வேலையை இப்ப ஒராள் செய்யிறான், துவான்!" என்று மலாயில் பெருமையடித்தார்.

அதிகாரி முதுகில் தட்டினார். "நல்லது. மிச்ச ஆட்கள் எங்கே?"

மறுநாள் லாரி வந்தது. காளியப்பனையும் இன்னும் சிலரையும் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே போனவர்கள் திரும்புவது அபூர்வம்.

காளியப்பன் பெண்சாதி அஞ்சலை ஆபீஸ் வாசலில் நின்று கேட்டாள்: "எம் புருசன் ஒங்களுக்கு அதிகமாப் போயிட்டாராய்யா?"

அதன் பிறகு சுருக்கு கிராணி, அவள் குடியிருந்த லயத்து வீடுகள் பக்கம் வர முகமில்லாமல், ரப்பர் காட்டைச் சுற்றியே ஆபீசுக்கு வந்தார்.

அதிகாரி மறுபடி ஆள் கேட்டு வந்தபோது எங்கள் நிலையம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. இலையைக் கழுவ ஒருவன், துடைக்க ஒருவன், காய வைக்க ஒருவன், காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க நான்!

"ஆராய்ச்சி பெருத்துப் போச்சு, துவான். ஆள் காணாது!" என்றார் கிராணி.

அதிகாரி எங்களையும் இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "பிறகு ஏன் ஓர் ஆள் போதும் என்றாய்?" என்று கிராணியை ஓங்கி ஓர் அறை விட்டார். ஆனால் ஆள் எடுக்கவில்லை. மேலும் சிலரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மெத்தனமாக இலை துடைப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கிராணி ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

யுத்தம் முடிந்தது. காளியப்பன் வரவில்லை. திரும்பி வந்த வெள்ளைக்காரத் துரை வீங்கிக் கிடந்த நிலையத்தைப் பார்த்து, கிராணிக்கு நிர்வாகமே தெரியாது என்று வேலையை விட்டு நீக்கினார்.

"நான் போயி துரைகிட்ட உள்ளதச் சொல்றேன்லா, ஐயா" என்றேன்.

"வேண்டாம். காளியப்பன்ர பேரையும் சொல்ல வேண்டி வருமல்லோ. எந்த முகத்தோட சொல்லுறது?"

அவர் ஊரைவிட்டுப் போன அன்று, பஸ் நிற்குமிடத்துக்கு அஞ்சலை வந்தாள். கையில், இலையில் பொதிந்த அவித்த மரவள்ளிக்கிழங்கு. அவர் தலை நிமிரவில்லை.

"சாப்புட்டுப் போங்கய்யா. மெதுவா."

ஒவ்வொரு துண்டாக, அழுதுகொண்டே சாப்பிட்டார். பஸ் வந்து, நின்று, போய்விட்டது. எங்களில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.