கோழிக்காரனின் சோயா விரதம்

கெடா மாநிலத்தில் முருகப் பெருமானின் பொறுமையை ஆயாம் அளவுக்குச் சோதித்த பக்தன் வேறு எவனும் கிடையாது. என் பொறுமையை விட்டுத்தள்ளுங்கள். அது அவன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்றே செத்துப்போனது.

ஆயாம் என்றால் மலாயில் கோழி. கரங்கான் பாசாரில், அதாவது சந்தையில், கோழி விற்பவனுக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்? அடையாளக் கார்டில் இருந்த பெயர் அவன் சம்சாரம் பத்மாவுக்கே மறந்துபோயிருக்கும். மற்றவர்கள் விற்றது போக மிச்சத்தைத் தின்பார்கள். இவன் தின்றது போக மிச்சத்தை விற்றான். காலையில் பசியாறப் பொரித்த தொடை ஒன்று வேண்டும். அது உள்ளே போகாவிட்டால் கண் திறக்காது, கை நடுங்கும், மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாது. தொடைக்கும் மோட்டாருக்கும் என்னடா சம்பந்தம் என்றால், "ஒதைக்கத் தெம்பு வேணாமாண்ணே?" என்பான்.

அந்த மோட்டாரே அவனைக் கவிழ்த்தது. ஒரு மழைநாளில் கோழிக்கூடையோடு செம்பனைத் தோட்டச் சாலையில் சறுக்கி விழுந்தான். மண்டையில் அடி. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவனைப் பார்த்து, "முருகா, இவரு எழுந்திருச்சா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன்" என்று பத்மா வேண்டிக்கொண்டாள். முருகன் இரங்கினார். கண் திறந்ததும் ஆயாம் கேட்ட முதல் கேள்வி, "கோழியெல்லாம் ஓடிருச்சா?"

பால்குடம் எடுக்க வேண்டுமென்றால் விரதம் இருக்க வேண்டும். முதல் வருடம் அதை ஒரு தொடை கெடுத்தது. அடுத்த வருடம் ஒரு கோழி சாசேஜ். இரண்டு தடவையும் காலை நேரம். மத்தியானம் சாம்பார், ராத்திரி பழம் என்று சமாளித்துவிடுவான். பசியாறும்போது மட்டும் வழுக்கிவிடுவான். பத்மா பயந்துபோனாள். வேண்டுதலை முடிக்காமல் விட்டால் புருஷனைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அவள் நெஞ்சில் விழுந்துவிட்டது. மூன்றாம் வருடம் மாலை போடும் நாளில் பையைக் கட்டிக்கொண்டு கோலா கெடாவில் இருந்த மகள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"விரதத்த ஒழுங்கா முடிச்சிட்டு வா. தைப்பூசத்தன்னைக்குக் கோயில்ல பாப்போம். இல்ல, நான் அங்கியே இருந்துக்கிறேன். ஒன்ன பொணமா பாக்க எனக்குத் தெம்பு இல்ல லா."

அவள் போன மறுநாள் காலை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஆயாம் நின்றான். இரண்டு கையிலும் பெரிய பிளாஸ்டிக் பைகள். கூலிம் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய உறைந்த சாமான்கள். சோயா நகட், காளான் 'மட்டன்', சைவ ஹாம், சைவ பர்கர்.

"அண்ணே, ஒங்க ஐஸ் பெட்டியில எடம் இருக்கா? எங்க வீட்டுப் பெட்டி முழுக்கக் கோழி. விரதச் சாமான அதுல வைக்கக் கூடாதுல்ல?"

"வச்சிட்டுப் போ."

"எங்க குவாலிச் சட்டியும் கோழி பொரிச்சது. அதனால..."

விதி இப்படித்தான் நுழைந்தது. எங்கள் வீட்டு வரிசையிலேயே இறைச்சி படாத அடுப்பு என்னுடையது ஒன்றுதான். நான் தனிக்கட்டை, பிறவியிலிருந்து சைவம், முட்டைகூடத் தொடாதவன். அந்தப் புண்ணியத்துக்கு எனக்குக் கிடைத்த பரிசு ஆயாம்.

"டேய், உப்புமா கிண்டித் தரேன். தின்னுட்டுப் போய்த் தொலை."

"பல்லுக்கு வேல குடுக்காதது எல்லாம் ஒரு பசியாறலாண்ணே?"

நகட்டைப் பொரித்தான். வெளியே பொன்னிறம், உள்ளே பாத்திரம் கழுவும் பஞ்சு. ஒன்றைக் கடித்துவிட்டு இன்னொன்றை என் வாயருகே நீட்டினான். "கோழி மாதிரி இருக்காண்ணே? நெஜமா சொல்லுங்க."

"அடப் பாவி! நான் கோழிய எப்படா தின்னேன், மாதிரி சொல்றதுக்கு?"

"அதனாலதாண்ணே கேக்கறேன். நீங்க பாரபட்சமில்லாம சொல்லுவீங்க."

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் போய் வழக்காடுவது? தினமும் விடிந்தால் எனக்கு இந்தத் தண்டனை. ஹாம் குவாலியில் விழுந்ததும் குடை மாதிரிச் சுருண்டு கொண்டது. பர்கர் வெளியே கரியாகி, நடுவில் ஐஸாகவே இருந்தது. காளான் மட்டனைப் பின்கட்டுப் பூனைக்குப் போட்டோம். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையைப் பிறாண்டியது. தன் கழிவை மூடும்போது செய்வதைத்தான் செய்தது. ஆயாம் அந்தத் துண்டைப் பார்த்தான், பூனையைப் பார்த்தான், மிச்சத்தைத் தட்டோடு எடுத்துத் தின்றான். கண்ணில் தண்ணீர். மிளகாய்த்தூள் என்றான். மிளகாய்த்தூளே போடவில்லை.

வியாபாரமும் படுத்தது. வெட்டும் கத்தியை வேலையாளிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் மாலையோடு காசு வாங்கும் இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சோயாவை மென்றுகொண்டிருந்தான். ஜனங்கள் பார்க்கமாட்டார்களா? கோழி வாங்க வந்த ஓர் அக்கா கேட்டேவிட்டாள்.

"என்ன ஆயாம், ஒங்க கோழிய நீங்களே தின்ன மாட்டேங்கிறீங்க? கோழிக்கு ஏதும் சீக்கா?"

"விரதம்கா."

"நீங்களா? விரதமா?" அந்த அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து மீன்கடைக்காரனும் சேர்ந்துகொண்டான். அவள் கோழி வாங்காமல் போய்விட்டாள். சீக்கை நம்பினாள், விரதத்தை நம்பவில்லை.

தினமும் சாயங்காலம் பத்மாவுக்கு என் வீட்டு வாசலிலிருந்துதான் போன் போடுவான். நான் சாட்சியாம். அவள் கேட்பது ஒரே கேள்வி.

"பசியாறினியா?"

"ஆறினேன்."

"என்னா?"

"சோயா."

போன் கட்டாகிவிடும். அவன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நிற்பான். சதை வற்றிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. திட்டலாம் என்று வாயைத் திறப்பேன். "டீ குடிக்கிறியாடா?" என்றுதான் வரும்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ஆயாம் ஒரு புதுப் பாக்கெட்டோடு வந்தான். சைவ சாசேஜ். மேலே பச்சை இலை படம் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தான். பொரித்தான், கடித்தான், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே... இது கடிபடுதுண்ணே!"

நானும் தின்றேன். என்ன சொல்ல, அமிர்தம்! இன்னொன்று தின்றேன். நாலாவதுக்கு இருவரும் சண்டை போட்டோம். விரதம் முடிந்தாலும் எனக்கு வேண்டும் என்று அவனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கூலிமுக்கே போனேன். ஐஸ் பெட்டியில் இருந்த அத்தனை பாக்கெட்டையும் அள்ளிக்கொண்டு கல்லாவுக்கு வந்தோம். அங்கே இருந்த சீன அம்மா மலர்ந்துபோய் மலாயில் சொன்னாள். "இது நல்லா இருக்கும் அங்கிள். நானும் சைவம்தான், இதத்தான் வாங்குவேன். மத்ததுல முட்டை கிடையாது. இதுல முட்டை போட்டிருக்கான், அதான் இவ்வளவு ருசி."

அவர்கள் சைவத்தில் சிலருக்கு முட்டை ஆகும். நம் விரதத்துக்கு ஆகாது. என் வயிற்றுக்கு எந்தக் காலத்திலும் ஆகாது. நான் பாக்கெட்டுகளைக் கீழே போட்டுவிட்டு "ஐயோ, முருகா!" என்று கத்தினேன். ஆயாம் கத்தவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப ஐஸ் பெட்டியில் அடுக்கினான்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். "தெரியாம தின்னதுடா. யாருக்குத் தெரியப்போவுது? வாய மூடிட்டுக் கொடத்தத் தூக்கு."

"பத்மா மூஞ்சியப் பாத்தா சொல்லிருவேண்ணே. அவ திரும்பப் போயிருவா."

மறுநாள் கோவிலில் பத்மா மஞ்சள் சேலை கட்டி, பால் நிரம்பிய குடத்தோடு காத்திருந்தாள். ஆயாம் வேட்டி கட்டி, தோளில் பையை மாட்டிக்கொண்டு, மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவள் முன்னால் போய் நின்றான்.

"முட்ட," என்றான். "நேத்து. சாசேஜ்ல இருந்துச்சு. தெரியாது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. குடத்தைக் கீழே வைத்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! அவன் தோள்பையில் கிடந்த டப்பாவைப் பிடுங்கித் திறந்தேன். அன்று காலை பொரித்த சோயா நகட்.

"இந்தாம்மா! இத்தன நாளா ஒன் புருசன் என்ன தின்னான்னு தெரியுமா? பூன மண்ணப் போட்டு மூடப் பாத்தத தின்னான். நீ ஒண்ணே ஒண்ணு தின்னு பாரு. அப்புறம் கோலா கெடாவுக்குப் போ, லங்காவிக்கு வேணாலும் போ!"

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நின்றாள். கோவில், துப்ப முடியாது. மறுபடி மென்றாள். கண்ணை இறுக்க மூடி ஒருவழியாக விழுங்கினாள்.

"இதயா தெனமும் தின்ன?"

"ம்."

"தோச சுட்டுத் தின்ன வேண்டியதுதான? பைத்தியமா நீ?"

"தோச தின்னா கோழி ஞாபகம் வருது. இதத் தின்னா கோழியே வேணாம்னு இருக்கு. நீ திரும்பி வரணும்ல."

பத்மா அழுதாள். அப்புறம் சன்னிதிப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில், "முருகா, இத நீ ஒரு வாய் தின்னு பாத்துட்டு அப்புறம் கணக்குக் கேளு!" என்றாள். மாலையை அவன் கழுத்தில் போட்டு, குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள். அவன் நடந்தான். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

அடுத்த நாள் காலை என் கதவைத் தட்ட ஆளில்லை. பக்கத்து வீட்டில் குவாலியில் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது, பத்மா அவனை ஏதோ திட்டும் சத்தமும் கேட்டது. நான் உப்புமா கிண்டி இறக்கினேன். பார்த்தால் கை தன்னால் இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறது. சனியன் விட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. உப்புமா வாயில் இறங்கவில்லை. எழுந்து வேலிப் பக்கம் போய், "டேய் ஆயாம், பசியாறிட்டியா?" என்று கத்தினேன்.