ஜெஸி ஃப்ளாட் விற்பதில்லை

செம்பூர், மும்பை
செவ்வாய்க்கிழமை

மரியே வாழ்க.

அன்பும் மரியாதையும் உள்ள அமிர்தநாதன் அண்ணனுக்கு, தங்கை அன்னமேரி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் மகள் ஜெஸியும் ஆண்டவர் அருளால் நலம். ஜெஸியின் இடது முழங்கை மட்டும் நலமில்லை. தையல் பிரித்தால் அதுவும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் சர்க்கரையும் மதினியின் முதுகுவலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசியதால் வந்த வினைதான் அண்ணே இது.

இங்கே பக்கத்துக் கோபர்கைரனேயிலிருந்து வந்த சம்பந்தம் பற்றி நீங்கள் பேசிய அன்று நான் ஹார்பர் லைன் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். குர்லா ஸ்டேஷன் வரப்போகிறது, இறங்குகிற கூட்டம் என் கைப்பையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது, அந்த நேரம் பார்த்து நீங்கள் "ஏ மேரி, ஜெஸி என்ன வேலை பாக்கான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்காவ" என்றீர்கள். நான் "பிஎம்எக்ஸ் அண்ணே, அதுல ஃப்ளாட்லேண்ட்" என்றேன். முதல் பாதி வண்டிச் சத்தத்தில் போய்விட்டது. மீதியை நீங்கள் "ஃப்ளாட், லேண்ட்" என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு, மாப்பிள்ளை ரிஜோவின் அப்பா சூசை சாரிடம் "என் மருமக ஃப்ளாட், லேண்ட் லைன்ல இருக்கா, மும்பை மார்க்கெட் அவளுக்கு அத்துப்படி" என்று சொல்லிவிட்டீர்கள். மும்பைக்காரரிடம் சொல்கிற வார்த்தையா இது? இங்கே ஆட்கள் சொந்தக்காரர்களைவிட புரோக்கரைத்தான் நெருக்கமாக வைத்திருக்கிறார்கள்.

ஆகவே எழுத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிஎம்எக்ஸ் என்பது பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுகிற உயரத்தில் இருக்கும் ஒரு குட்டைச் சைக்கிள். அதில் வித்தை காட்டுவதற்கு ஃப்ரீஸ்டைல் என்று பெயர். சிலர் சரிவுமேடையில் ஏறி ஆகாயத்தில் பறப்பார்கள். மேடை எதுவும் இல்லாமல் சமதரையிலேயே செய்வதுதான் ஃப்ளாட்லேண்ட். சக்கரத்தின் அச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயில் ஒற்றைக் காலால் நின்று, மற்ற சக்கரத்தைத் தூக்கி, பம்பரம் மாதிரி சுற்றுவாள். ஒரு கம்பெனி அவளுக்குச் சைக்கிளும் டயரும் சம்பளமும் கொடுக்கிறது. போட்டி, விளம்பரம், மால் திறப்பு என்று ஊர் ஊராகப் போகிறாள். விற்பதற்கு அவளிடம் தரை எதுவும் இல்லை அண்ணே. தரைமேல் விழுவதுதான் தொழில்.

இதை யாரிடமும் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. சைக்கிள் ஓட்டுகிறாள் என்றால் கீழ்வீட்டு ஷமீமா, "ஏன் மேரி, பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துக் குடுக்கக் கூடாதா" என்று பரிதாபப்படுகிறாள். எல்லாரும் சைக்கிளில் ஏறினால் எங்கேயாவது போய்ச் சேர்கிறார்கள். என் மகள் எங்கும் போகாமல் ஒரே இடத்தில் சுற்றுகிறாள், அதற்குக் கூட்டம் கைதட்டுகிறது. கைதட்டுகிற நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். பெற்றவளுக்கே அவள் வேலையை ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை என்றால், வண்டிச் சத்தத்தில் கேட்ட உங்களை எப்படிக் குறை சொல்வது.

சூசை சார் போன வாரம் போன் செய்தார். முலுண்டில் அவர்களுக்கு ஒரு பழைய ஃப்ளாட் இருக்கிறதாம், எத்தனையோ புரோக்கர் பார்த்தும் விலை போகவில்லையாம். "நம்ம ஜெஸியை ஒரு நல்ல பார்ட்டி பாக்கச் சொல்லுங்கம்மா" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "தனியா பண்ணுதாளா, பின்னால யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஸ்பான்சர் இருக்காங்க சார்."

"பில்டரா இருக்கும். சைட்டுக்கெல்லாம் அவளே போவாளோ?"

"புனே, பெங்களூர்னு எல்லா இடத்துக்கும் போவா சார். ஆனா அது வந்து..."

"இப்ப மார்க்கெட் விழுந்து கிடக்கே, இவளுக்கு எப்படி?"

"இவளும் விழுந்துக்கிட்டுதான் சார் இருக்கா. முந்தாநாள்கூட பலமான அடி."

"யாருக்குத்தாம்மா அடி விழல. எந்திரிச்சு நின்னாளா?"

"உடனே எந்திரிச்சுட்டா சார்."

"அந்தத் தில்லுதாம்மா எங்க வீட்டுக்கு வேணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை அண்ணே. ஆனாலும் பொய் சொன்னவளுக்கு வருகிற நடுக்கமெல்லாம் எனக்கு வந்தது.

மறுநாளே ரிஜோவின் அம்மா, முன்தகவல் இல்லாமல், கையில் கேக்கோடு வாசலில் நின்றார். ஜெஸி கீழே பார்க்கிங்கில் பயிற்சியை முடித்துவிட்டு, முழங்கையில் கட்டும் சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசியுமாக அப்போதுதான் படியேறி வந்தாள். "சைட்டுல விழுந்துட்டியாம்மா?" என்று அந்த அம்மா பதறினார். பார்க்கிங்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஜெஸி, "ஆமா ஆன்ட்டி, டெய்லி அங்கதான் விழுவேன், டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க" என்றாள்.

"ஹெல்மெட் போடுவியா?"

"எப்பவும் ஆன்ட்டி."

"தங்கமான பிள்ளை. எங்க பக்கத்துல கட்டுத இடத்துல இன்ஜினியரே போட மாட்டேங்கான்" என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, சந்தோஷமாகக் காபி குடித்துவிட்டுப் போனார். நான் சமையலறையிலேயே நின்றுகொண்டேன்.

ஜெஸிக்கு இந்தக் குழப்பம் எதுவும் தெரியாது. எல்லாம் தெரிந்துதான் தன்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு முன் வந்த இடங்களில் எல்லாம், கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளை விட்டுவிட வேண்டும் என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்கள். நேற்று சாப்பிடும்போது, "மம்மி, சைக்கிள் வேணாம்னு சொல்லாத ஃபர்ஸ்ட் ஃபேமிலி இவங்கதான்" என்றாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பேச்சை உறுதி செய்ய வருகிறார்கள். அதற்குள் நீங்கள் சூசை சாரைக் கூப்பிட்டு, ஜெஸி ஃப்ளாட் விற்பதில்லை, சைக்கிள்தான் அவள் வேலை என்று சொல்லிவிட வேண்டும். உங்கள் மச்சானிடம் சொன்னால், "ஞாயித்துக்கிழமை போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். அவர் எதையும் அப்புறம்தான் பார்ப்பார். தெரிந்துகொண்டு வேண்டாம் என்று போனால் போகட்டும் அண்ணே. தெரியாமல் சம்மதித்துவிட்டு, நாளைக்கு அவள் சைக்கிளை வெளியே எடுக்கும்போது அந்த வீட்டில் எல்லார் முகமும் மாறினால் அவள் என்ன செய்வாள்? சிமெண்டில் விழுந்தால் எழுந்துவிடுகிறாள். இதில் எப்படி எழுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உங்கள் எல்லாரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அன்புத் தங்கை,
அன்னமேரி

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் சூசை சாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். முலுண்ட் ஃப்ளாட்டை ஜெஸி விற்றுவிட்டாள். என்னிடம் கேட்ட கையோடு அவர் அவளையும் நேரில் கேட்டிருக்கிறார். பெரியவர் கேட்கிறாரே என்று இவள் தன் சைக்கிள் குரூப்பில் விவரத்தைப் போட்டிருக்கிறாள். கூட ஓட்டுகிற பத்ரியின் வீட்டார் இன்று காலை டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். ரிஜோவுக்கு அவள் வேலை முதலிலிருந்தே தெரியுமாம், அவளுடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் சம்மதமே சொன்னானாம். முதலில் ஃப்ளாட் விலை போகட்டும் என்று அப்பாவிடம் வாயைத் திறக்காமல் இருந்தவன், டோக்கன் வந்ததும் சொல்லிவிட்டான். சூசை சார் கோபப்படவே இல்லை. "சைக்கிள் ஓட்டிக்கிட்டே இப்படி விக்கான்னா, சைக்கிளை விட்டா எப்படி விப்பா" என்று சொல்லி, கோபர்கைரனேயில் அவளுக்கு ஆபீஸ் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஜெஸி "யோசிச்சு சொல்றேன் அங்கிள்" என்றாளாம். இதில் யோசிக்க என்ன அண்ணே இருக்கிறது. இதைப் படித்ததும் அவள் விழாமல் இருக்க நீங்களும் மதினியும் தினமும் ஜெபிக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியே செய்யுங்கள். சைக்கிளை விட்டுவிடாமல் இருக்கவும் சேர்த்து ஜெபியுங்கள்.