அல்போன்ஸ் சேர்த்த ஈயக்காசு

“மாமா, கள்ளக்காசுக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டா?”

செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் கேட்டுவிட்டு, மிட்டாய் வாங்க வந்த சிறுமி அகதா எப்போதோ கேட்ட கேள்வி. ரெம்பியா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அல்போன்ஸுக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்தக் கள்ளக்காசையும் அவர் தூக்கிப் போட்டதில்லை.

எல்லாம் வெள்ளைக்கார ராஜா தலை போட்ட இருபது காசு நாணயத்தைப் போலவே ஈயத்தில் வார்த்தவை. ஒரு காலத்தில் சந்தையில் தாராளமாகப் புழங்கியவை. பால்மரம் வெட்டுகிறவர்கள் தெரியாமல் கொண்டு வந்து நீட்டுவார்கள். நீட்டிய கை கள்ளக்கை இல்லையே! முழு விலைக்கும் சாமான் கட்டிக்கொடுத்துவிட்டு, காசைக் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். ராஜாவின் மூக்கு கோணலாக இருந்தால் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்ட பிறகு டின்னைத் திறந்து ரசிக்கப் பயம். மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காசைப் போடுவதோடு சரி.

அன்று காலை, போலீஸ் கடை கடையாகச் சோதிக்கிறது என்று சேதி வந்தது. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போகிறதாம்.

“கள்ளக்காசைப் பார்த்தா ஜெயில்தான், பிரிஜிட்!”

“அரிசிச் சாக்குல புதைங்க. அதுக்குள்ள யாரு பார்ப்பா?” என்றாள் மனைவி.

சார்ஜன்ட் தங்கராஜு நேரே அரிசிச் சாக்குக்குத்தான் வந்தார். இரும்புக் கம்பியைச் செருகினார். ‘டங்!’

“என்னாய்யா அது?”

“ஆ... ஆணிங்க.”

“அரிசியில ஆணி விளையுதா? வெளிய எடுங்கலா!”

வெளியே வந்த டின் கலகலத்தது. அல்போன்ஸ் பொய்யை மாற்றினார். “கோயில் காணிக்கைங்க.”

“சாமி காசு சாக்குக்குள்ள எதுக்கு? காட்டுக்காரனுக்குச் சந்தா வசூலா?”

சந்தா என்றால் கடை மட்டுமல்ல, கழுத்தும் போய்விடும். அல்போன்ஸ் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். இனி உண்மைதான் கதி.

“ஐயா, அத்தனையும் கள்ளக்காசு. வருஷக்கணக்கா நான் சேர்த்தது. அதுக்கே பிடிச்சிட்டுப் போங்க!”

சார்ஜன்ட் ஒன்றை எடுத்துப் பலகையில் சுண்டினார். ‘கணீர்.’ இன்னொன்று. ‘கணீர்.’ டின்னைக் கவிழ்த்தார். அறுபது எழுபது காசு, ஒன்றில்கூட ஈயம் இல்லை.

“எல்லாம் நல்ல காசுய்யா! யாருகிட்ட கதை விடுற?”

அல்போன்ஸ் காலி டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். ஜெயில், சந்தா எல்லாம் மறந்துபோயிற்று.

“என் கோணமூக்கு ராஜா எங்க?” என்றார், அழாத குறையாக.

கருவாடு வாங்க வந்து ஓரமாக நின்றிருந்த முனியாயி தயங்கித் தயங்கி முன்னே வந்தாள்.

“அவரைப் பிடிக்காதீங்க சார். ஈயம்னு தெரிஞ்சேதான் வாங்கிக்கிறாருன்னு லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். அதான் சம்பளம் போட்டதும், கோயில் மணி அடிச்சு இந்த அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிச் செபம் பண்றப்ப, ஆளுக்கு ஒண்ணா ஈயத்தை எடுத்துட்டு நல்ல காசை மாத்தி வச்சிட்டோம்.”