கரைக்கு ஒரு துண்டு மீன்

செந்நிலம் என்றொரு நாடு. அங்கே ஆறு எந்த நிறத்தில் ஓட வேண்டும் என்பதைக்கூட அரசவைதான் முடிவு செய்யும். அரசரின் மைத்துனர் மேட்டில் சாயப்பட்டறை தொடங்கிய வருடம் குறும்பாறு ஊதா நிறத்தில் ஓடியது. அது அரச நிறம் என்றும், அழுக்கு என்போருக்குக் கசையடி என்றும் முரசறைந்தார்கள்.

கரையில் குடியிருந்த கெம்பிக்கு அந்த ஆறுதான் அடுக்களை. நண்டு, நத்தை, ஆரல் மீன், மழை விட்டதும் கரைமண்ணில் தோண்டும் கிழங்கு. அவள் இனத்தார் தலைமுறை தலைமுறையாக அதைத் தின்றே வளர்ந்தவர்கள். ஊதா நீர் வந்தபின் நண்டுகள் செத்து ஒதுங்கின. மீன் தின்ற இருவருக்குக் கைநடுக்கம் வந்தது, நிற்கவே இல்லை. கெம்பி அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். ஆணை உடனே வந்தது: குடிகளின் நலன் கருதி ஆற்று உணவுக்குத் தடை. பதிலுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி.

அரிசி புழுத்திருந்தது. மகள் மசினி வயிற்றில் பிள்ளையோடு இருந்ததால் கெம்பி அதையே புடைத்துப் பொங்கிப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து இன்னோர் ஆணை. ஆற்று உணவை உண்பவரே ஆற்று மக்கள். ஆற்று மக்களுக்கே கரையில் குடியிருக்க உரிமை. இப்போது எவரும் ஆற்று உணவை உண்பதாகத் தெரியவில்லை. ஆகவே உரிமையை நிரூபிக்க வேண்டும்.

குறித்த நாளில் கரை அலுவலர் பந்தலில் அமர்ந்தார். எதிரே தட்டு நிறையப் பொரித்த ஆரல். நாற்பது குடும்பமும் வரிசையில் நின்றது.

"ஐயா, தின்னக் கூடாதுன்னதும் நீங்கதான், தின்னாத்தான் கரைன்னு சொல்றதும் நீங்கதான். நாங்க எதைக் கேக்குறது?" என்றாள் கெம்பி.

"இரண்டையும்தான்," என்றார் அலுவலர் கனிவாக. "தடை உங்கள் உடலுக்கு. நிரூபணம் உங்கள் உரிமைக்கு. தடையை இன்று ஒருநாள் தளர்த்தியிருக்கிறோம்."

"தின்னு நோவு வந்தா?"

"உடம்பு உங்களுடையது."

"வராட்டி?"

"ஆறு தூய்மையானது என்று எழுதிக்கொள்வோம்."

கெம்பி தட்டைப் பார்த்தாள். தின்னாவிட்டால் மசினி எங்கே போய்ப் பிள்ளை பெறுவாள்? ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். சாயநெடி மூக்கில் ஏறியது.

"ஆட்சேபணை ஏதும் உண்டா?" என்று கேட்டார் அலுவலர். வாய் நிறைய மீன். அவளால் பேச முடியவில்லை.

"ஆட்சேபணை இல்லை," என்று எழுத்தர் எழுதினார். கெம்பி கண்ணை மூடி விழுங்கினாள்.

அடுத்து மசினி. அலுவலர் அவள் வயிற்றைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"பிறக்கப்போகும் குடிமகனின் உரிமையும் பறிபோகக் கூடாது. இந்தப் பெண்ணுக்கு இரண்டு துண்டு வையுங்கள்."

மசினி கையை நீட்டினாள். கெம்பி பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டாள். மீன் மண்ணில் சிதறியது.

"அம்மா, வீடு போயிடுமே!"

"போனாப் போவட்டும். இவங்க குடுக்கிறத உம்புள்ளைக்கு ஊட்ட மாட்டேன். நட."

மகளை இழுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினாள். நெஞ்செரிச்சல் தொடங்கிவிட்டது. எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். வரிசை கலைந்து, குடிசையிலிருந்து வாரியெடுத்த பாயும் சட்டியுமாக எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.

பந்தலில் எழுத்தர் பேனாவுடன் காத்திருந்தார். "என்னவென்று எழுதட்டும் ஐயா?"

அலுவலர் வெறிச்சோடிய கரையைக் கண்ணால் அளந்தார். இரண்டாவது பட்டறைக்குத் தாராளமாகப் போதும்.

"ஆற்று மக்கள் தாமாகவே, மனமுவந்து வெளியேறினார்கள் என்று எழுது."