விடுப்புப் பார்க்காத மாப்பிள்ளை

வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால், அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நான் அடுத்த வாய்ச் சோற்றை உண்பேன். எங்கள் ஊரில் இதற்கு விடுப்புப் பார்ப்பது என்று பெயர். மற்றவர்கள் வேலி இடுக்கால் களவாகப் பார்ப்பார்கள். நான் பகிரங்கமாகப் பார்ப்பேன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அசைகிற எதையும் என் கண் விட்டுவைக்காது, அவ்வளவுதான்.

மானிப்பாயில் ஒரு ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு பக்கம் அரைச்சுவர், அதற்கப்பால் வீதி. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் கிழமை முழுக்க வீதியையே பார்ப்பார்கள். பஸ், ஐஸ்கிறீம் வான், கோயில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ என்று எல்லாவற்றுக்கும் தலை திரும்பும். அடுத்த கிழமை பாதித் தலைகள்தான் திரும்பும். பிறகு யானை போனாலும் ஒன்றும் திரும்பாது. தொல்லை எப்போதும் ஒரே பக்கத்தால்தான் வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, மூளை அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்திவிடுகிறது போலும். வருடக்கணக்காக அங்கே நிற்கும் எனக்கு மட்டும் அந்தக் கதவு பூட்டுப்படவேயில்லை. (“சேர், அது பாண்காரன்ரை ஓட்டோதான், நீங்கள் கணக்கைச் செய்யுங்கோ” என்று பிள்ளைகள்தான் என்னைக் கரும்பலகைக்குத் திருப்புவார்கள்.)

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் தர்சினி, தெல்லிப்பழையில் தாயோடு இருந்தாள். தகப்பன் பிரான்ஸில். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், ஒரே மகளின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் வீடியோவிலும் போனிலும்தான் பார்த்தவர். கல்யாணத்துக்காவது நேரில் நிற்கவேண்டும் என்று ரிக்கற் எடுத்து, பட்டு வேட்டியும் வாங்கி வைத்திருந்தார். அப்போது பார்த்து இருதயத்தில் அடைப்பு வந்து ஒப்பரேசன் செய்தார்கள். விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளி வைப்போம் என்று நாங்கள் எவ்வளவோ கேட்டும் மனிதர் சம்மதிக்கவில்லை.

ஒருநாள் அவரே எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, நான் உங்களிட்டை ஒண்டுதான் கேக்கிறன். தாலி கட்டுறதுக்கு முதல் ஒருக்கா போனிலை என்னைப் பாருங்கோ. நான் தலையாட்டுவன். அதுக்குப் பிறகு கட்டுங்கோ.”

ஓம் மாமா என்றேன். பெண்ணைத் தருகிற மனிதர் பதிலுக்கு ஒரே ஒரு பார்வை கேட்கிறார், அதுவும் விடுப்புப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவனிடம். இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன்.

என் அக்காவுக்குப் பயம் வேறு பக்கத்தால் வந்தது. எங்கள் ஆட்கள் தாலி கோத்துக் கட்டுவது மஞ்சள் கயிறு அல்ல, பவுண் கொடி. அதைப் பின்கழுத்தில் ஒரு சின்னச் சுரையால் திருகிப் பூட்டவேண்டும். கண் விலகினால் சுரை விலகும். சுற்றிவர நாலு கமரா நிற்கும்போது, பறக்கிற ஈ இலையானுக்கும் தலை திருப்புகிற தம்பி இதை எப்படிப் பூட்டப்போகிறான் என்று அவளுக்கு நித்திரை வரவில்லை. ஆகவே பயிற்சி தொடங்கியது.

அக்கா தன்னுடைய கொடியோடு கதிரையில் இருப்பாள். நான் பின்னால் நின்று பூட்டுவேன். எனக்கு வலப்பக்கம் அலுமாரி, ஆகவே அத்தான் இடப்பக்கத்தில் நின்று என் கவனத்தைக் கலைப்பார். முதலில் ரோச் லைற் அடித்தார். பிறகு குடையை விரித்து விரித்துச் சுருக்கினார். (அத்தானுக்கு என்மேல் இருந்த பழைய கோபங்கள் எல்லாம் அந்த நாட்களில் தீர்ந்திருக்கவேண்டும்.) நான் ஒவ்வொரு தடவையும் திரும்பினேன், ஒவ்வொரு தடவையும் அக்காவின் தலைமயிர் சுரைக்குள் போனது. அவள் போட்ட சத்தத்துக்கு அயல் வீட்டார் விடுப்புப் பார்க்க வந்தார்கள். ஆனால் நாள் போகப் போக ஒரு மாற்றம் தெரிந்தது. இடப்பக்கத்தில் எது ஆடினாலும் எனக்கு அது அத்தான், அவ்வளவுதான். கடைசியில் அவர் எங்கள் சேவலையே தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே சிறகடிக்க விட்டார். நான் கண்ணை அசைக்காமல் சுரையைப் பூட்டி முடித்தேன். அக்கா எழுந்து எனக்குத் திருநீறு பூசினாள்.

கல்யாண நாள். போனோடு மாமி எனக்கு வலப்பக்கம், வீடியோக்காரருக்கு அருகில் நிற்பதாக ஏற்பாடு. பிரான்ஸில் அப்போது விடியப்புறம். மாமா முழுகி, அந்தப் பட்டு வேட்டியைக் கட்டி, கையில் பூவோடு இருக்கிறார் என்று மாமி காலையிலேயே வந்து சொல்லியிருந்தார். ஐயர் கொடியைக் கையில் தந்தார். நான் எழுந்து தர்சினிக்குப் பின்னால் போய், கொடுத்த வாக்குத் தவறாமல் வலப்பக்கம் பார்த்தேன். மாமியைக் காணவில்லை. (கமராவை மறைக்கிறார் என்று வீடியோக்காரர் அவரைக் கடைசி நேரத்தில் மற்றப் பக்கம் அனுப்பிவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?) லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று எண்ணினேன். ஐயர் கட்டச் சொன்னார். மேளம் முழங்கியது. நான் குனிந்தேன்.

இடப்பக்கத்தில் ஏதோ மினுங்கியது. பிறகு ஆடியது. பிறகு என் காதடிக்கே வந்தது. நான் பார்ப்பேனா? இந்த அத்தான் மணவறைக்கே வந்துவிட்டார், மனிதருக்கு வெட்கமேயில்லை என்று உள்ளுக்குள் சிரித்தேன். என்னை நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது. தர்சினி குனிந்த தலையோடு “அப்பா, அப்பா” என்று முணுமுணுத்தாள். பாவம், தகப்பனை நினைத்து அழுகிறாள் என்று மனம் இளகி, சுரையை இன்னும் கவனமாகப் பிடித்தேன். மினுங்கல் மூக்கருகே வந்தபோது முழங்கையால் மெல்ல ஒதுக்கினேன். மெல்ல என்பது என் கருத்து. வீடியோவில் பார்த்தால் தோட்டத்துக்குள் புகுந்த கட்டாக்காலி மாட்டைக் கலைக்கிறவன் மாதிரி இருக்கிறது.

சுரை ஒரே தடவையில் பூட்டுப்பட்டது. வெற்றியோடு நிமிர்ந்து அத்தானைத் தேடினேன். அவர் சபையில் மூன்றாவது வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்படியானால் இடப்பக்கம் நின்றது யார் என்று திரும்பினேன். மாமி, ஆசீர்வாதத்துக்கு வைத்திருந்த அறுகரிசித் தட்டத்துக்குள் கையை விட்டு, குப்புற விழுந்து கிடந்த என் மாமனாரை அரிசிக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்த சடங்குகள் எதுவும் எனக்கு நினைவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளையைப் போனில் வளர்த்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதை நான் முழங்கையால் தட்டிவிட்டேன் என்பதே மனதில் நின்றது. ஆசீர்வாதம் முடிந்ததும், தலைப்பாகையோடே போனை வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். மாமா திரையில் இருந்தார். கையில் பூ இல்லை. நான் பார்க்கவில்லை, என்னை மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன்.

மாமா திரைக்குக் கிட்ட வந்து சொன்னார்.

“விழுந்த பிறகு எனக்கு ஒண்டும் தெரியேல்லைத் தம்பி. ஒரே இருட்டு. மேளச் சத்தம் மட்டும் கேட்டுது. கட்டுறியள் எண்டு விளங்கினது. நான் அந்த இருட்டைப் பாத்துத் தலையாட்டினனான்.”

பூவையும் அந்த இருட்டின் மேலேயே போட்டாராம். நான் அழுதேன். நெஞ்சு ஒப்பரேசன் செய்த மனிதர், போனுக்குள் இருந்துகொண்டு எனக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து, டொக்டர் ஒருவழியாகச் சம்மதித்த பிறகு மாமா வந்தார். பெட்டி நிறையச் சொக்லேற்றும், உடம்பு நிறைய மெலிவுமாக வந்தார். ஒருநாள் காலை எல்லோரும் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் புறப்பட்டோம். பாரமான கொடி என்பதால் தர்சினி அதை விசேஷ நாட்களில்தான் போடுவாள். அன்று அலுமாரியிலிருந்து எடுத்து, பூட்டிவிடும்படி என்னிடம் தந்தாள். முன்னால் கதிரையில் மாமா இருந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இப்போது கொடுக்காவிட்டால் அந்தப் பார்வையை எப்போது கொடுப்பது?

தர்சினிக்குப் பின்னால் போய், கொடியை அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மாமாவைப் பார்த்தேன். தலையாட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் ஆட்டவில்லை. செருமினேன். கொடியைக் குலுக்கினேன். இடப்பக்கம் ஒருதரம் வலப்பக்கம் ஒருதரம் சாய்ந்தும் பார்த்தேன். மாமாவின் கண் மகளை விட்டு அசையவில்லை. அவருடைய கண் நிறைந்திருந்தது. எனக்குக் கை உளையத் தொடங்கியது.

தர்சினிதான் பொறுக்கமுடியாமல் சொன்னாள். “அப்பா, இவர் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

மாமா அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். “ஆர்?”

மாமா திரும்பிப் போய்விட்டார். ஆனால் பின்னேரம் ரியூசன் முடிந்து வந்து நான் படலையைத் திறக்கும்போது, உள்ளேயிருந்து “ஆர்?” என்று கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. தர்சினி கேட்பாள், எங்களோடு இருக்கும் மாமி கேட்பார். கதைக்கப் பழகிய கையோடு எங்கள் மகளும் கேட்கத் தொடங்கிவிட்டாள். அதுவும், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.