முதல் சுருளில் செத்தவன்

படம் ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. கதாநாயகன் இன்னும் சாகவில்லை.

விமர்சகருக்கு வியர்த்துக் கொட்டியது. 'சாவில் தொடங்கி, காதலர்களின் முதல் சந்திப்பில் முடித்த மேதை' என்று பக்கம் பக்கமாக எழுதி, விருதுக் குழுவையே இந்தத் தியேட்டருக்கு இழுத்து வந்தவர் அவர்தானே!

பக்கத்து நாற்காலியில் டைரக்டர் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு படம் எடுத்த மனுஷன். பேருக்குக்கூட ஒரு விருது கிடையாது. அத்தனையையும் கிழித்துத் தொங்கவிட்டவர் இதே விமர்சகர்தான். இந்த ஒரு படத்தை மட்டும் விமர்சகர், கல்யாணமான புதிதில் மனைவியோடு இதே தியேட்டரில் பகல் காட்சி பார்த்தார்; இரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். அப்படியும் பத்திரிகை ஆபீசில் சிரிப்பார்களே என்று திட்டித்தான் எழுதினார். மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவள் இல்லை. அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்தப் பாடு.

திரையில் நாயகன் ஜாலியாகச் சைக்கிள் மிதித்தான்.

"என்னய்யா, செத்தவன் கொழுகொழுன்னு இருக்கானே?" என்றார் குழுத் தலைவர்.

"பிரதி மாறிப்போச்சு சார்!" என்றார் விமர்சகர்.

வேறு பிரதி போட்டார்கள். அதிலும் சைக்கிள்.

"டைரக்டரையே கேளுங்க!" என்று விமர்சகர் கெஞ்சினார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க," என்று டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

விமர்சகர் பின்வரிசைக்கு ஓடினார். சாட்சிக்கென்று தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்த, அந்தப் பகல் காட்சியில் படம் ஓட்டிய பழைய ஆபரேட்டர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு நீங்க ஓட்டினப்ப முதல்லயே செத்தான்ல? சொல்லுங்கய்யா!"

"செத்தான். சுருளை நான்தான் மாத்திப் போட்டேன்."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

"அப்ப விருதை இவருக்கே குடுத்துடலாம்!" என்று தலைவர் ஆபரேட்டரைக் காட்டிவிட்டு எழுந்தேவிட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டதே! செத்தவளுக்குச் சொல்ல இருந்த ஒரே சமாதானமும் போச்சு. விமர்சகர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

ஆபரேட்டர் மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து, டைரக்டரைக் காட்டினார்.

"சாவுல ஆரம்பிச்ச இவர் படத்தைத் தயாரிப்பாளர் சுருளை முன்பின்னா மாத்தி நேராக்கிட்டாரு சார். 'ஒரே ஒரு காட்சி, என் படம் என் படமா ஓடட்டும்'னு சுருள் வரிசையைச் சீட்டுல எழுதி என் கையில குடுத்தவரே இவருதான். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்னு இன்னிக்கு வரைக்கும் இவரு வாயைத் திறக்கலை!"